அக்காவின் ஓரக்கண்ணில் ஒரு மலை ரயில்

அக்காவுக்கு எழுபத்தாறு வயது. எனக்கு எழுபது. போன ஜூலையில் இரண்டு பேரும் அலாஸ்கா கப்பல் பயணம் போய் வந்தோம். அதில் ஸ்காக்வே என்ற துறைமுகத்தில் ஒரு நாள். அந்த நாளைப் பற்றி மட்டும்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் அக்காவின் கண். ஆறு வருடமாக அவளுக்கு மாகுலர் டிஜெனரேஷன். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து போகிற நோய் அது. எதை நேராகப் பார்க்கிறாளோ அது மங்கி மறைந்துவிடும். எதிரில் நிற்கிறவரின் முகம் தெரியாது, அவருடைய தோள், காது, பின்னால் இருக்கும் கதவு எல்லாம் தெரியும். முப்பது வருடத்துக்கு மேல் மெய்ப்புத் திருத்தும் வேலை செய்தவள். ஒரு பக்கத்தில் ஒரு ஒற்று மிகுந்திருந்தாலும் அவள் பேனா அங்கே போய் நிற்கும். இப்போது தன் மருந்துச் சீட்டை அவளால் வாசிக்க முடியாது.

அவளை ஏன் காட்சி பார்க்கும் பயணத்துக்கு அழைத்துப் போகிறாய் என்று நெருங்கிய ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் அன்பாகத்தான் கேட்டார். ஆனாலும் டிக்கெட் போட்ட நாளிலிருந்து அந்தக் கேள்வி எனக்குள் இருந்தது.

கப்பலில் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் கரைச் சுற்றுலாப் பட்டியல் கொடுப்பார்கள். எக்ஸ்கர்ஷன் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது சுலபமா, நடுத்தரமா, கடினமா என்று ஒரு குறி இருக்கும். வயதானவர்கள் அந்தக் குறியை மட்டும் நம்பிவிடாதீர்கள். அதற்கு முந்தைய துறைமுகம் ஒன்றில் 'சுலபம்' என்று போட்டிருந்ததை நம்பிப் போனோம். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஜல்லி கொட்டிய சரிவு, அதற்கப்புறம் மரப்படிகள், பிடித்துக்கொள்ள ஒரு பக்கம்தான் கம்பி. அக்கா பாதியிலேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "நீ போய்ப் பார்த்துட்டு வா" என்றாள். போனேன். ஒரு பனியாற்றை நான்கு நிமிடம் பார்த்துவிட்டு ஓடி வந்தேன். அந்த நான்கு நிமிடமும் என் மனசெல்லாம் அந்த பெஞ்சில்தான் இருந்தது.

அன்று இரவே எக்ஸ்கர்ஷன் மேசைக்குப் போய் ஸ்காக்வேயிலிருந்து மலை உச்சிக்குப் போகும் ரயிலைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டேன். எத்தனை படி? எவ்வளவு தூரம் நடக்கணும்? வழியில் எங்கேயாவது இறங்கச் சொல்வார்களா? கழிப்பறை உண்டா? அந்தப் பெண் பொறுமையாகப் பதில் சொன்னாள். கப்பல் நிற்கிற இடத்துக்கே ரயில் வரும், உச்சி வரை போய்த் திரும்பி வர மூன்று மணி நேரத்துக்குள் ஆகும், நடுவில் எங்கும் இறங்க வேண்டாம், சக்கர நாற்காலி வேண்டியவர்கள் முன்கூட்டியே சொன்னால் தூக்கி ஏற்றும் லிஃப்ட் உள்ள பெட்டியில் இடம் போடுவார்கள். அக்கா கைத்தடியோடு நடப்பாள், படி ஏற ஒரு கை கொடுத்தால் போதும். சரி, போகலாம் என்று முடிவு செய்தேன்.

இன்னொன்றும் செய்தேன். எனக்கு இரத்த அழுத்தத்துக்குக் காலையில் நீர் மாத்திரை உண்டு. இப்படிப்பட்ட நாட்களில் அதை எத்தனை மணிக்குத் தள்ளிப் போடலாம் என்று கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கியிருந்தேன். சின்ன விஷயம்தான், ஆனால் கழிப்பறையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தால் எந்த மலையும் கண்ணில் படாது.

லின் கேனல் வழியாகத்தான் ஸ்காக்வேக்குப் போக வேண்டும். கால்வாய் என்று பெயர், ஆனால் யாரும் வெட்டியதில்லை. பனியாறு குடைந்து போன பள்ளத்தில் கடல் புகுந்த இடம். நீளம் சுமார் 145 கிலோமீட்டர், ஆழம் 600 மீட்டருக்கும் மேல். விடியற்காலையில் பால்கனிக் கதவைத் திறந்து அக்காவை நிறுத்தினேன். இரண்டு பக்கமும் மலைச்சுவர், மேலே பனித்திட்டுகள், கீழே சாம்பலும் பச்சையும் கலந்த தண்ணீர்.

"ரொம்ப அழகா இருக்குக்கா" என்றேன்.

"அழகா இருக்குன்னா எனக்கு என்ன புரியும்? என்ன இருக்குன்னு சொல்லு."

மெய்ப்புத் திருத்துகிறவள் அப்படித்தான் பேசுவாள். அன்று முழுக்க எனக்கு அந்த ஒரு வரிதான் விதி. அழகு, பிரம்மாண்டம், அற்புதம் எதுவும் கூடாது. எது எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, அசைகிறதா, நிற்கிறதா. அவ்வளவுதான்.

காலையில் கப்பலிலிருந்து இறங்கும்போது, கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் போடும் நடைபாலமான கேங்வே கிட்டத்தட்ட சமமாக இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன். இறங்கிக் கொஞ்ச தூரத்தில் ரயில் நின்றது. பச்சையும் மஞ்சளும் அடித்த டீசல் எஞ்சின்கள். பெட்டிகளுக்கு ஏரிகள், ஆறுகளின் பெயர். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர்கள் வேகமாக ஏறி இடது பக்க ஜன்னல்களைப் பிடித்துவிட்டார்கள். மேலே போகும்போது பள்ளத்தாக்கு இடது பக்கம்தான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரியும். ஆனால் அக்காவோடு வேகமாக ஏற முடியாது. வலது பக்கம்தான் கிடைத்தது, பாறைப் பக்கம்.

எனக்குத் தொண்டை அடைத்தது. இவ்வளவு தூரம் வந்து அவளுக்குப் பாறைச் சுவரைத்தான் காட்டப் போகிறேனா?

ரயில் ஊரைக் கடந்ததும் பெட்டியில் ஒலிபெருக்கி கதை சொல்ல ஆரம்பித்தது. 1896-ஆம் வருடம் ஆகஸ்டில் கனடாவின் கிளாண்டைக் பகுதியில் ஓர் ஓடையில் தங்கம் கிடைத்தது. அடுத்த வருடம் ஜூலையில் அந்தத் தங்கத்தோடு கப்பல்கள் தெற்கே போய்ச் சேர்ந்தபோது செய்தி பரவியது. ஆயிரக்கணக்கானவர்கள் கிளம்பினார்கள். இங்கிருந்து தங்கம் இருந்த இடத்துக்கு மலையைத் தாண்டித்தான் போக வேண்டும். உச்சியில் கனடா போலீஸ் நின்றது. ஒரு வருடத்துக்கான உணவும் பொருளும் கையில் இல்லாதவனை உள்ளே விடவில்லை. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு டன் வரும். ஒரு மனிதன் ஒரே நடையில் ஒரு டன் தூக்க முடியுமா? கொஞ்சம் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி கொஞ்சம், மறுபடி கொஞ்சம். ஒரே மலையில் பல தடவை ஏறி இறங்கியிருக்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தை நம்பித்தான் இந்த ரயில் பாதையைப் போட்டார்கள். பெயர் ஒயிட் பாஸ் அண்ட் யூகான் ரூட். 1898 மே மாதம் வேலை தொடங்கி 1899 பிப்ரவரியில் உச்சியைத் தொட்டது. 1900 ஜூலை 29-ஆம் தேதி கார்கிராஸ் என்ற இடத்தில் இரண்டு முனையும் சேர்ந்தன. அதற்குள் தங்க வேட்டை ஓய்ந்து போயிருந்தது. தண்டவாளங்களுக்கு இடையே 3 அடிதான் இடைவெளி. குறுகிய பாதை என்றால் பாறையைக் குறைவாக வெட்டினால் போதும், வளைவையும் சின்னதாக வைத்துக்கொள்ளலாம். 20 மைலில் 2,865 அடி ஏறுகிறது. சில இடங்களில் நூறு அடிக்கு ஏறக்குறைய நான்கு அடி ஏற்றம். ரயிலுக்கு அது மிகவும் செங்குத்து.

இதையெல்லாம் அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வளைவில் சக்கரம் கிறீச்சிட்டதும் கண்ணைத் திறந்து ஜன்னல் பக்கம் திரும்பினாள். நேராகத் திரும்பவில்லை. முகத்தைப் பெட்டியின் முன்பக்கம் வைத்துக்கொண்டு ஓரக்கண்ணில் வெளியே பார்த்தாள். கண் டாக்டரிடம் கற்றுக்கொண்ட பழக்கம் அது. நடுவில் இல்லாத பார்வையை ஓரத்தில் தேடுவது.

"தண்ணி ஓடுது" என்றாள்.

"எங்கே?"

"பாறையில. கோடு கோடா. ஒண்ணு போச்சு. இதோ இன்னொண்ணு."

நான் குனிந்து பார்த்தேன். ஆமாம். ஜன்னலுக்குக் கைநீட்டும் தூரத்தில் ஓடிய கருங்கல் சுவரில் பனி உருகிய நீர் மெல்லிய பட்டைகளாக வழிந்துகொண்டிருந்தது. நான் எதிர்ப்பக்க ஜன்னலில் பள்ளத்தாக்கை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவே இல்லை. பாறை, ஈரம், பாசி, திடீரென்று ஒரு வெடிப்பு, அதில் ஃபயர்வீட் பூவின் ஊதா கலந்த ரோஸ் நிறம், மறுபடி பாறை. எல்லாம் அசைந்தபடி கடந்து போயின. ஓரப்பார்வைக்கு எழுத்து தெரியாது, முகம் தெரியாது. அசைவு தெரியும், பெரிய வடிவம் தெரியும். இது எனக்குப் புத்தக அறிவாக முன்பே உண்டு. அன்றைக்குத்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மேசையில் இருக்கும் மருந்துச் சீட்டு தெரியாதவளுக்கு ஒரு மலை தெரிகிறது, அதுவும் நகர்ந்துகொண்டே இருப்பதால் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

எல்லாமே தெரிந்தது என்று சொல்ல வரவில்லை. பத்தாவது மைலைத் தாண்டி ஒரு பாறை வருகிறது. 1898 ஆகஸ்ட் 3-ஆம் தேதி வெடி வைத்தபோது சுமார் 100 டன் கருங்கல் சரிந்து இரண்டு தொழிலாளிகள் அடியில் புதைந்து போனார்கள். அந்தக் கல்லை நகர்த்த முடியவில்லை. அதன் மேல் ஒரு கறுப்புச் சிலுவையை நட்டு வைத்துவிட்டார்கள், இன்றும் இருக்கிறது. "இப்ப வருதுக்கா, எதிர்ப்பக்கம் கீழே, கறுப்பா" என்று அவசரமாகச் சொன்னேன். அவள் தலையைத் திருப்பி, அப்புறம் விலக்கி, மறுபடி திருப்பினாள். அதற்குள் போய்விட்டது. "விடு" என்றாள். சிறிய பொருள், மெல்லிய கோடு என்றால் அவளுக்குக் கிடைக்காது. நானும் சீக்கிரம் சொல்லியிருக்க வேண்டும். அதன் பிறகு ஒலிபெருக்கி ஒரு இடத்தின் பெயரைச் சொன்ன உடனேயே அவள் எங்கே முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். "என் பக்கம் திரும்பு. இப்ப உன் இடது காதுப் பக்கம் வரும்" என்று. அது வேலை செய்தது.

பதினாறாவது மைலில் குகைப்பாதை. இருட்டில் புகுந்து வெளிச்சத்துக்கு வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் வெள்ளையாக ஆகிவிட்டது என்றாள். பளீர் வெளிச்சத்திலிருந்து மீள இந்தக் கண்ணுக்கு நேரம் பிடிக்கும். சில நிமிடம் எதுவும் தெரியவில்லை. அந்தச் சில நிமிடத்தில் போன காட்சி போனதுதான். இரண்டாவது குகை வந்தபோது அவளைக் கண்ணை மூடச் சொன்னேன். வெளியே வந்த பிறகு தொப்பியின் முன்விளிம்பைத் தாழ்த்தி, கறுப்புக் கண்ணாடியோடு மெதுவாகத் திறக்கச் சொன்னேன். இந்தத் தடவை கஷ்டமில்லை. இதே கண் தொல்லை உள்ளவரோடு குகைகள் உள்ள ரயிலில் போகிறவர்கள் இதைச் செய்து பாருங்கள்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் டெட் ஹார்ஸ் கல்ச். செத்த குதிரைப் பள்ளம். தங்கம் தேடிப் போனவர்களின் சுமையைத் தூக்கிய குதிரைகளும் கழுதைகளும் சுமார் 3,000 இந்தப் பாதையில் செத்துப் போயின. அளவுக்கு மீறிய சுமை, தீனி இல்லை, வழுக்குப் பாறை. விழுந்ததை எடுத்துவிடக்கூட நிற்காமல் பின்னால் வந்தவர்கள் தாண்டிப் போயிருக்கிறார்கள். பாறையில் அவர்கள் நடந்து தேய்ந்த தடம் ஒரு கோடாக இன்னும் இருக்கிறது. என் கண்ணுக்குத் தெரிந்தது. ரயிலோடு கூடவே கொஞ்ச தூரம் வருகிறது, ஒரு ஆள் அகலம்தான் இருக்கும். அக்கா அந்தக் கோட்டைத் தேடவில்லை.

"குதிரைங்களுக்கு யாராவது கல் வெச்சிருக்காங்களா?" என்று கேட்டாள்.

ஒரு நினைவுப் பலகை இருக்கிறது என்று எங்கோ படித்த ஞாபகத்தில் சொன்னேன். "அது தெரியணும்னு இல்ல, இருந்தா சரி" என்றாள்.

அப்புறம் அந்தப் பழைய இரும்புப் பாலம். 1901-இல் கட்டியது. இரண்டு பக்கமிருந்தும் கைகளை நீட்டிப் பள்ளத்தின் நடுவில் கோத்துக்கொண்ட மாதிரி நிற்கிறது. 1969-இல் பக்கத்தில் புதிய பாலமும் குகையும் வந்த பிறகு இதில் ரயில் போவதில்லை. துரு ஏறி, மரக்கட்டைகள் உதிர்ந்து, ஆனால் வடிவம் அப்படியே. பின்னால் வானம் வெளிறிக் கிடந்ததால் பாலம் முழுக்கக் கறுப்பு நிழலுருவாகத் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள், "பாலம்." அப்புறம் விரலால் காற்றில் அதன் வளைவை வரைந்து காட்டினாள். சரியாக வரைந்தாள். எதிர்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், பேச்சு புரியாவிட்டாலும், அவள் விரலைப் பார்த்துத் தலையசைத்தார்.

உச்சியில் மரங்கள் இடுப்பளவுதான். சின்னச் சின்னக் குளங்கள், கொடிக்கம்பங்கள். அமெரிக்க எல்லை முடிந்து கனடா தொடங்கும் இடம். எஞ்சின்கள் கழன்று பக்கத் தண்டவாளத்தில் ஓடி மறுமுனையில் வந்து மாட்டிக்கொள்கின்றன. அப்போது எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்கிறார்கள். இருக்கையின் முதுகுப் பலகையை எதிர்த்திசைக்குத் தள்ளிவிட்டு, நடைவழியைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் உட்கார வேண்டும். வலது பக்கம் வந்தவர்களுக்கு இறங்கும்போது பள்ளத்தாக்கு. காலையில் நான் அவ்வளவு மனம் நொந்ததற்குத் தேவையே இருந்திருக்கவில்லை. அந்தப் பலகை நம் வயதில் கொஞ்சம் கனம், ஒரு இளைஞன் எங்களுக்கும் சேர்த்துத் தள்ளிக் கொடுத்தான். ரயில் நிற்கும்போதே மாறி உட்கார்ந்துவிடுவது முக்கியம், கிளம்பும்போது ஒரு குலுக்கல் உண்டு.

பெட்டியின் கோடியில் திறந்த மேடை இருக்கிறது. அக்கா அங்கே போய் நிற்க வேண்டும் என்றாள். எனக்குப் பயம். ஜாக்கெட்டுக்கு மேல் என் சால்வையையும் சுற்றி, அவள் கையைக் கம்பியில் வைத்து, நான் பின்னால் சேர்த்து நின்றுகொண்டேன். கண்ணாடி இல்லாமல் வெளியே பார்த்தோம். கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் திறந்து கிடந்தது. ரயில் வளையும்போது எங்களுடைய முன் பெட்டிகளே எங்களுக்கு எதிரில் தெரிந்தன, அவற்றுக்கு அப்பால், வெகு கீழே, கடலின் ஒரு துண்டு.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை. அவள்தான் சொன்னாள். "ரயில் ஜன்னல் எல்லாம் வரிசையா மின்னுது. அது நம்ம ரயிலா? கீழ பச்சை. ரொம்பக் கீழ. பச்சைக்கு நடுவுல வெள்ளையா ஒண்ணு அசையுது, ஆறா?" ஆறுதான். ஸ்காக்வே ஆறு. அவள் இன்னும் சொல்லிக்கொண்டே போனாள். சின்ன வயதில் எனக்கு அம்மை போட்டிருந்தபோது, வெளியே விடமாட்டார்கள் என்று ஜன்னலில் உட்கார்ந்து தெருவில் நடப்பதையெல்லாம் எனக்குச் சொன்னவள் அவள். அதே குரல், அதே வேகம். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. காற்றுதான் காரணம் என்று சொல்லிக்கொள்ள வசதியாகக் காற்றும் இருந்தது. ஆனால் காற்று இல்லை.

பத்து நிமிடத்தில் விரல் விறைத்துவிட்டது, உள்ளே வந்தோம். ஜூலை மாதம் என்று கையுறையைக் கப்பலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். எடுத்துக்கொண்டு போங்கள்.

சரி, கேங்வே. அந்தப் பகுதியில் கடலின் ஏற்ற இறக்கம் மிக அதிகம். காலையில் சமமாக இருந்தது, நாங்கள் ரயிலிலிருந்து இறங்கி, ஊரில் மரப்பலகை போட்ட நடைபாதையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தபோது நல்ல சரிவாகியிருந்தது. தரையில் கால் வழுக்காமல் இருக்கக் குறுக்கே அடித்த பட்டைகள், அவை அக்காவுக்குத் தெரியாது. கப்பல் ஊழியர் ஒருவர் முன்னால் பின்பக்கமாக நடந்து வந்தார், அக்கா கைத்தடியால் ஒவ்வொரு பட்டையையும் தட்டித் தட்டி ஏறினாள். வயதானவர்களோடு போகிறவர்கள், இறங்கும்போதே ஊழியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை மணிக்கு வந்தால் சரிவு குறைவாக இருக்கும் என்று. அவர்களுக்குத் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை.

இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் மிச்சமிருந்தது. அக்கா அறையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு என்னை நோட்டை எடுக்கச் சொன்னாள். தான் பார்த்ததை வரிசையாகச் சொன்னாள், நான் எழுதினேன். பாறையில் நீர்க்கோடுகள். ரோஸ் பூ. இரும்புப் பாலம். நம் ரயிலின் ஜன்னல்கள். ஆறு. கடல் துண்டு. 'அழகான இரும்புப் பாலம்' என்று எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியதும் 'அழகான' என்பதை அடிக்கச் சொன்னாள்.

"பார்க்காததையும் எழுது" என்றாள் அப்புறம். எழுதினேன். கறுப்புச் சிலுவை. நடந்து தேய்ந்த தடம். முதல் குகைக்கு அப்புறம் சில நிமிடம்.